அப்பாவுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, ரத்தம்: சைனஸ்தானா?

அரசலாற்றங்கரை:
கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 61 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தச்சுவேலை. நிலை, கதவு, ஊஞ்சல் பலகை எல்லாம் தேக்கில்தான். பொங்கலுக்கு முன்பிருந்தே வலது மூக்கு அடைத்திருக்கிறது, சளியில் ரத்தக் கீற்று வருகிறது. சைனஸ் மாத்திரை, நொச்சி ஆவி எதற்கும் கேட்கவில்லை. இப்போது வலது கன்னம் மரத்துப்போகிறது என்கிறார். வைகாசியில் கிரகப்பிரவேசம் வைத்திருக்கும் வீட்டுக்குக் கதவு ஒப்புக்கொண்டிருப்பதால், அதை முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார். காத்திருக்கலாமா?

திருவையாற்று மகள்:
வேண்டாம் தம்பி, இந்த வாரமே அழைத்துப் போங்கள். என் அப்பாவும் தச்சர். அவருக்கு மேல்வரிசைப் பல் ஆடியது. பிடுங்கினார்கள், குழி ஆறவே இல்லை. பிறகுதான் மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சதைத்துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸில் புற்று. மேல்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அண்ணத்தில் விழுந்த ஓட்டையை மூடப் பல்செட் போன்ற தட்டு ஒன்று செய்து தந்தார்கள். அதைக் கழற்றினால் ரசம் மூக்கு வழியே வந்துவிடும், பேச்சும் புரியாது. மாட்டிக்கொண்டால் பேரனை உட்கார வைத்து மணிக்கணக்கில் கதை சொல்கிறார். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டதும் அம்மா அதைக் கழுவிக் கொடுக்கிறார். மனிதர் எங்களோடு இருக்கிறார், அது போதும்.

காது மூக்கு தொண்டை மருத்துவர்:
ஒரு பக்க அடைப்பு என்றாலே புற்று என்றில்லை. சதை வளர்ச்சி, பூஞ்சை, எலும்பு வளைவு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ரத்தமும் கன்ன மரப்பும் சேர்ந்துவிட்டால் பார்க்காமல் விடக்கூடாது. கண் பிதுங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே போங்கள். தொழிலை மறக்காமல் சொல்லுங்கள். இங்கிலாந்தின் ஹை விகோம்ப் நகர நாற்காலித் தொழிலாளர்களிடம் அபூர்வமான மூக்கு, சைனஸ் புற்று கூடுதலாக இருப்பது 1960களில் தெரியவந்தது. மரத்தூள் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் உறுதியாக அறிவித்தது; தேக்குத் தூளும் அதில் அடக்கம். தூள் பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தும் வரலாம்.

அரசலாற்றங்கரை:
நன்றி அக்கா, நன்றி டாக்டர். நாளை காலை தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறோம். தம்பியும் அதே பட்டறையில்தான் உப்புத்தாள் தேய்க்கிறான்.

காது மூக்கு தொண்டை மருத்துவர்:
முகத்தில் துண்டு கட்டினால் போதாது. நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். தூளைக் காற்றடித்துப் பறக்கவிடாமல், உறிஞ்சும் கருவியால் எடுக்கச் சொல்லுங்கள்.

திருவையாற்று மகள்:
காப்பீட்டு அட்டையையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள் தம்பி. கதிர்வீச்சு என்று சொன்னால், தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிடுங்க வேண்டிய பல்லை அதற்குப் பிறகு பிடுங்கினால் ஆறுவது கடினம்.