திங்கட்கிழமை மட்டும் 169.254: ஷட்டவுன் செய்தாலும் ஐபி முகவரி ஏன் திரும்புவதில்லை?

கேள்வி: லேப் பொறுப்பாளர்
பயிற்சி மையத்தில் 30 விண்டோஸ் 10 கணினிகள், எல்லாம் கேபிளில். மாணவர்களின் ஃபோன்களும் அதே ரவுட்டரின் வைஃபையில்தான். டிஎச்சிபி (ரவுட்டரே கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் முறை) பூல், அதாவது கொடுக்க வைத்திருக்கும் முகவரிகள், 192.168.1.100 முதல் 149 வரை; லீஸ், அதாவது ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும் காலம், 24 மணி நேரம். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை மாணவர் பேட்ச் 15 கணினிகளில் ஓடிவிடுகிறது. மதியம் மீதி 15ஐப் போட்டால் பாதிக்கு மேல் 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நிற்கின்றன. சனிக்கிழமை எல்லாவற்றையும் முறையாக ஷட்டவுன் செய்துதான் போகிறோம். அப்போதே முகவரி ரவுட்டருக்குத் திரும்பிவிடாதா?

பதில்: கேபிள்காரன்
திரும்பாது சார். ஷட்டவுன் ஆகும்போது விண்டோஸ் வழக்கமாக ரிலீஸ் செய்தி, அதாவது ‘முகவரி இனி வேண்டாம்’ என்ற தகவல், அனுப்புவதில்லை. வைஃபை எட்டாத தூரம் போய்விட்ட ஃபோனும் அப்படித்தான். ரவுட்டருக்குத் தெரிந்தது லீஸின் கெடு மட்டுமே.

உங்கள் கணினிகள் சனிக்கிழமை வாங்கிய லீஸ் ஞாயிற்றுக்கிழமையே காலாவதி. கெடு மிச்சமிருந்தால், ஆன் செய்ததும் கணினி பழைய முகவரியையே கேட்கும், ரவுட்டரும் ‘ஏக்’ (சரி, வைத்துக்கொள்) சொல்லிவிடும். கெடு போய்விட்டால் டிஸ்கவர் (முகவரி தர யார் இருக்கிறார்கள் என்று கணினி தேடுவது), ஆஃபர் (ரவுட்டர் ஒரு முகவரியைக் காட்டுவது), ரிக்வெஸ்ட் (அதைக் கணினி கேட்பது), ஏக் என்று முதலிலிருந்து வர வேண்டும். திங்கள் காலை 15 கணினிகள் போக 35 ஃபோன்கள் வந்தாலே 50 முகவரியும் தீர்ந்தது. மதியக் கணினி டிஸ்கவர் அனுப்பும், ஆஃபர் வராது. அதனால் விண்டோஸ் தானே, இணையத்துக்கு உதவாத ஒரு 169.254 முகவரியைப் போட்டுக்கொண்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்கும்.

பதில்: சுவிட்ச் ரூம்
சரியான கணிப்பு. ரவுட்டரின் டிஎச்சிபி கிளையன்ட் பட்டியலைத் திங்கள் மதியம் திறந்து எண்ணிப் பாருங்கள், 50 இருக்கும்.

பூலை 192.168.1.50 முதல் 249 வரை விரியுங்கள், 200 முகவரி கிடைக்கும். அதற்குமுன் பிரிண்டர், சிசிடிவி என்று கையால் முகவரி போட்டவை அந்த எல்லைக்குள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 2 முதல் 49க்குள் நகர்த்துங்கள். இல்லாவிட்டால் அதே முகவரி ஒரு ஃபோனுக்கும் போய், பிரிண்டர் வேலை செய்வதும் நிற்பதுமாக இருக்கும்.

லீஸை 2 மணி நேரமாக்குங்கள். இணைப்பில் இருக்கும் கருவி பாதிக் கெடுவில், அதாவது 1 மணி நேரத்தில், தானே புதுப்பித்துக்கொள்ளும். அதற்குப் பதில் வராவிட்டால் 1 மணி 45 நிமிடத்தில் நெட்வொர்க் முழுக்கக் கூவிக் கேட்கும். கிளம்பிப் போன ஃபோனின் முகவரி அதிகபட்சம் 2 மணி நேரத்தில் காலியாகும். ஏற்கெனவே கொடுத்த 24 மணி நேர லீஸுகள் மட்டும் அடுத்த புதுப்பிப்பு வரை பழைய கெடுவிலேயே இருக்கும்.

கேள்வி: லேப் பொறுப்பாளர்
இன்றே சோதிக்க, ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து பட்டியலை அழிக்கலாமா?

பதில்: கேபிள்காரன்
வேண்டாம். பல சின்ன ரவுட்டர்கள் லீஸ் பட்டியலை மறந்துவிடும், கருவிகள் மறக்காது. ஒருவர் வைத்திருக்கும் முகவரியையே இன்னொருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

பூலை விரித்தபின், சிக்கியிருக்கும் கணினியின் கமாண்ட் பிராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’ (ipconfig /release), அடுத்து ‘ஐபிகான்ஃபிக் /ரெனியூ’ (ipconfig /renew) கொடுங்கள். ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ (ipconfig /all) போட்டால் லீஸ் வாங்கிய நேரமும் முடியும் நேரமும் தெரியும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்துகொண்டு ரிலீஸ் கொடுக்காதீர்கள், அந்த நொடியே இணைப்பு அறுந்துவிடும். அப்புறம் அந்தக் கணினி முன்னால் போய்த்தான் உட்கார வேண்டும்.

பதில்: சுவிட்ச் ரூம்
அதே ‘/ஆல்’ பட்டியலில் டிஎச்சிபி சர்வர் வரியையும் பாருங்கள். உங்கள் ரவுட்டர் அல்லாத முகவரி இருந்தால், யாரோ இன்னொரு ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகியிருக்கிறார்கள். அதன் டிஎச்சிபியை அணையுங்கள்.