விளையாட்டில் சுருதி வருமா?

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
எங்கள் பள்ளியில் பாட்டுக்குத் தனி ஆசிரியர் கிடையாது. வாரம் ஒரு பீரியட் நானே எடுக்கிறேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தமிழில் எப்படியும் சொல்லித்தர வேண்டும். அதையே குறிலுக்கு ஒரு அடி, நெடிலுக்கு இரண்டு அடி என்று நடக்க வைத்தேன். அப்புறம் வட்டமாக நின்று தகிட சொல்லிக்கொண்டே மூன்று தட்டுக் கும்மி, தகதிமிக்கு நாலு தட்டு. மூன்றுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் இப்போது அவர்கள் காலிலேயே இருக்கிறது. இந்த வயதில் சரளி வரிசை, அதாவது கர்நாடக இசையின் முதல் ஸ்வரப் பயிற்சி, வேண்டாம் என்பது என் கருத்து.

பாட்டு சார்:
ஒப்புக்கொள்ள முடியவில்லை டீச்சர். நடப்பதும் தட்டுவதும் லயத்துக்கு, அதாவது தாளத்தின் சீருக்குச் சரி; சுருதிக்கு, குரல் சரியான உயரத்தில் நிற்பதற்கு, என்ன வழி? விளையாட்டாகப் பாடிப் பழகிய பிள்ளைகள் கத்துகிறார்கள். 20 வருடமாக அந்தத் தொண்டைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஸ ரி க ம எப்படி அமைந்திருக்கிறதோ, ப த நி ஸ அதே இடைவெளியில் அமைந்திருக்கும். கீழ்ப்பாதி பிடிபட்ட குழந்தைக்கு மேல்பாதி பாதி வந்த மாதிரி.

டீச்சர்:
சுருதிக்கும் விளையாட்டு இருக்கிறது சார். கண்ணாடி பாட்டில்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டச் சொன்னேன், ஜலதரங்கம் மாதிரி. தண்ணீர் கூடினால் ஒலி தாழ்ந்தது. அதே பாட்டிலின் வாயில் ஊதினால் தண்ணீர் கூடக் கூட ஒலி ஏறியது. ஏன் தலைகீழாகிறது என்று ஒரே வாக்குவாதம். தட்டும்போது பாட்டிலும் தண்ணீரும் அதிர்கின்றன, ஊதும்போது உள்ளே இருக்கும் காற்று அதிர்கிறது என்று சொன்னதும் மறுபடி தட்டி, ஊதிப் பார்த்தார்கள். எது மேல், எது கீழ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள்.

மிருதங்கம் வாசிப்பவர்:
டீச்சர் பக்கம்தான் நானும். ஆனால் கூட்டமாகத் தட்டினால் வேகம் ஏறிவிடும், கவனியுங்கள். ஆதி தாளம் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. இரண்டு ஆவர்த்தனம் (முழுச் சுற்று) போட்டுவிட்டு, மூன்றாவதைக் கை அசையாமல் மனசுக்குள் எண்ணச் சொல்லுங்கள். அடுத்த சமத்தில், சுற்றின் முதல் தட்டில், எல்லோரும் ஒன்றாகத் தட்ட வேண்டும். தாளம் யாருக்குள் ஓடுகிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

பாட்டு சார்:
கண்ணாடி பாட்டில் விளையாட்டு காதைத் திறக்கும், மறுக்கவில்லை. பாட வைப்பது எந்தக் கட்டையில், அதாவது ஸ எந்த உயரத்தில்? பல பள்ளிகளில் ஆண் ஆசிரியர் தன் ஒரு கட்டையிலேயே ஆரம்பித்துவிடுகிறார். குழந்தைகள் அடித்தொண்டையில் உறுமுகிறார்கள்.

டீச்சர்:
மொபைல் தம்புராவில் ஐந்து கட்டை வைக்கிறேன்.

பாட்டு சார்:
நல்லது. அது ஓடும்போது ஒரு நிமிடம் யாரும் பாடக் கூடாது, கேட்க மட்டும் வையுங்கள். பிறகு வாயை மூடியபடி ஸ மட்டும். சரளி வரிசையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நாலாம் வகுப்பிலாவது தொடங்குங்கள்.

டீச்சர்:
தொடங்கலாம் சார். வாரத்துக்கு 40 நிமிடத்தில் மூன்று காலமும் (மூன்று வேகமும்) எப்படிப் பாட வைப்பது, அதைச் சொல்லுங்கள்.