நான்கு ரேம்களைப் பொருத்தினால் 3600 வேகம் வராமல் 2133இல் நிற்கிறது: காரணம் என்ன?

வைகைக்கரை:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் ரைசன் 5 5600 பிராசஸரும் நான்கு ரேம் ஸ்லாட்டுகள் கொண்ட பி450 மதர்போர்டும் உள்ளன. இதுவரை 8 ஜிபி டிடிஆர்4 ரேம்கள் இரண்டு, எக்ஸ்எம்பி (ரேமை அதன் அறிவித்த உயர் வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) இயக்கிய நிலையில், பெட்டியில் அச்சிட்டிருந்த 3600 வேகத்திலேயே சிக்கலின்றி ஓடிக்கொண்டிருந்தன. வீடியோ எடிட்டிங்கிற்கு 16 ஜிபி போதாததால், அதே நிறுவனத்தின் அதே மாடல் எண் கொண்ட இன்னொரு ஜோடியை வாங்கிக் காலி ஸ்லாட்டுகளில் பொருத்தினேன். இப்போது எக்ஸ்எம்பியை இயக்கிச் சேமித்தால், திரையில் ஒன்றும் வராமல் கணினி சில முறை தானே அணைந்து எழுகிறது. பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. டாஸ்க் மேனேஜர் 2133 என்று காட்டுகிறது. சிபியு-இசட் மென்பொருளிலோ 1066 என்றே இருக்கிறது. 32 ஜிபியும் முழுமையாகத் தெரிகிறது. பயாஸும் அண்மைப் பதிப்புதான். புதிய ஜோடி பழுதா, போர்டில் கோளாறா? கடையில் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் அறிய விரும்புகிறேன்.

செம்மண்:

முதலில் 1066 குறித்துக் கவலை வேண்டாம். டிடிஆர் வகை ரேம் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இருமுறை தரவை அனுப்புகிறது. சிபியு-இசட் துடிப்பை எண்ணுகிறது, டாஸ்க் மேனேஜர் அனுப்பும் எண்ணிக்கையைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன.

பழுது எங்கே என்று அறிய எளிய வழி உண்டு. பழைய ஜோடியைக் கழற்றிவிட்டு, புதிய ஜோடியை மட்டும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்தி எக்ஸ்எம்பியை இயக்குங்கள். சில போர்டுகளின் பயாஸில் இது டிஓசிபி அல்லது ஏ-எக்ஸ்எம்பி என்ற பெயரில் இருக்கும். தனியாகவும் 3600இல் எழவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். எழுந்தால், ரேமைக் குறை சொல்வதற்கில்லை.

மின்னோட்டம்:

செம்மண் சொன்ன சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஆனால் புதிய ஜோடி அதில் தேறும் என்றே நினைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டியில் உள்ள 3600 என்பது அந்த இரண்டு ரேம்களும் சேர்ந்து, 1.35 வோல்ட்டில், குறிப்பிட்ட டைமிங்குகளோடு (ரேம் பதில் தர எடுக்கும் தாமத அளவுகள்) ஓடும் என்பதற்கான உறுதிமொழி மட்டுமே. அந்த மதிப்புகள் ரேமில் உள்ள எஸ்பிடி என்னும் சிறு சிப்பில் எக்ஸ்எம்பி விவரமாகப் பதிந்திருக்கும். அதே சிப்பில் ஜெடெக் தர அமைப்பின்படியான 2133 போன்ற வேகங்களும் 1.2 வோல்ட்டுக்குப் பதிவாகியிருக்கும். எக்ஸ்எம்பி தோற்கும்போது போர்டு அங்கேதான் திரும்பி வருகிறது. பிராசஸரின் பக்கம் பார்த்தால், ரைசன் 5 5600க்கு ஏஎம்டி அறிவித்திருக்கும் வேகம், இரண்டு ரேம்களுக்கு 3200; ஒற்றை ரேங்க் (ரேங்க் என்பது ஒரே நேரத்தில் அணுகப்படும் சிப்புகளின் தொகுதி) ரேம்கள் நான்கு என்றால் 2933; இரட்டை ரேங்க் ரேம்கள் நான்கு என்றால் 2667. ஆகவே 3600 என்பது இரண்டு ரேம்களோடு ஓடினாலும் ஓவர்கிளாக்கிங்தான், அதாவது அறிவித்த வேகத்தை மீறி ஓட்டுவதுதான். அது பல கணினிகளில் எளிதாக அமைந்துவிடுவதால், பலர் அதைப் பிராசஸரின் இயல்பான வேகம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு சேனலிலும் (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதை) இரண்டு ரேம்கள் இருக்கும்போது, பிராசஸருக்குள் ரேமை இயக்கும் பகுதியான மெமரி கன்ட்ரோலரின் சுமை கூடுகிறது, மின்சைகையும் மங்குகிறது. பல போர்டுகளில் ஒரு சேனலின் மின்தடம் முதல் ஸ்லாட்டைக் கடந்தே இரண்டாவதை அடைவதால், நான்கையும் நிரப்பினால் உயர் வேகத்தில் தடுமாறுவது அவற்றின் வடிவமைப்போடு வந்த குணம். மேலும், மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப்புகள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர்கள் சாம்சங், மைக்ரான், எஸ்கே ஹைனிக்ஸ் சிப்புகளைக் காலத்துக்கேற்ப மாற்றிப் பயன்படுத்துவதுண்டு. நான்கு ரேம் வேண்டும் என்றால் நான்கும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பாக வாங்கச் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது இதுதான். எக்ஸ்எம்பியை இயக்கி, வோல்டேஜும் டைமிங்குகளும் அப்படியே இருக்க, வேகத்தை மட்டும் 3200க்குக் குறைத்துப் பாருங்கள். எழவில்லை என்றால் எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்கான மின்னழுத்தம்) 1.1 அளவில் வைத்து, ரேமை நிலையாக ஓட உதவும் கியர் டவுன் மோட் என்ற பயாஸ் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் திறந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 கொண்டு முழுமையாகச் சோதித்து, ஒரு பிழையும் இல்லாத வேகத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள். பிழையுள்ள ரேமின் கேடு உடனே தெரியாது: வீடியோ கோப்பு சிதையும், ஜிப் கோப்பு திறக்காது, சில வாரங்கள் கழித்து விண்டோஸே கெடும், அப்போது ரேம் மீது யாருக்கும் சந்தேகம் எழாது.

வைகைக்கரை:

விரிவான பதில்களுக்கு நன்றி. புதிய ஜோடி தனியாக 3600இல் ஓடுகிறது. நான்கையும் பொருத்தினால் 3200இல் எழுகிறது. மெம்டெஸ்ட்86 பிழை எதையும் காட்டவில்லை. 3400இலும் விண்டோஸ் திறக்கிறது, ஆனால் சோதனையில் பிழைகள் வருகின்றன. 3200இலேயே விட்டுவிட்டால் இழப்பு பெரிதாக இருக்குமா?

மின்னோட்டம்:

இரண்டு சேனல்களிலும் சேர்த்துக் கணக்கிட்டால் 3600இல் நொடிக்கு 57.6 ஜிபி, 3200இல் 51.2 ஜிபி, நீங்கள் மாட்டிக்கொண்டிருந்த 2133இல் சுமார் 34 ஜிபி. பெரிய இழப்பு 2133இல்தான் இருந்தது. தாமதத்தைப் பொறுத்தவரை, உங்கள் ரேம் சிஎல் (தரவைத் தர ரேம் எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை) 18 என்றால் 3600இல் அது 10 நானோ நொடி. 3200இல் அதே சிஎல் 18 என்றால் 11.25. சிஎல்லை 16க்குக் குறைக்க முடிந்தால் மீண்டும் 10 நானோ நொடிக்கே வந்துவிடுவீர்கள். ஆனால் குறைத்த பிறகு சோதனையை மறுபடி முழுமையாகச் செய்ய வேண்டும். உங்களுடையவை ஒற்றை ரேங்க் ரேம்கள் என்றால், ஒரு சேனலுக்கு இரண்டு ரேங்க் அமைவதால் கன்ட்ரோலர் அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். வேகத்தில் இழந்ததில் ஒரு பகுதி அங்கே ஈடாகும். எஃப்சிஎல்கே (பிராசஸரின் உள் இணைப்பின் துடிப்பு வேகம்) 1600இல், அதாவது ரேம் துடிப்போடு ஒன்றுக்கு ஒன்றாக, இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்மண்:

இதில் எனக்குச் சிறிது மாற்றுக்கருத்து உண்டு. கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் என்றால், புதிய ஜோடியைக் கொடுத்துவிட்டு 16 ஜிபி ரேம்கள் இரண்டு கொண்ட 3600 தொகுப்பை வாங்கி, பழையதை விற்றுவிடலாம். ஸ்லாட் இரண்டு காலியாகவே இருக்கும், 3600 கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

மின்னோட்டம்:

விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் அதுவே நல்ல வழி, மறுக்கவில்லை. வீடியோ எடிட்டிங்கில் 3200க்கும் 3600க்கும் இடையிலான வேறுபாட்டைக் கவனித்து உணர்வது கடினம் என்பதால், கூடுதல் பணம் செலவாகும் என்றால் நான் இருப்பதையே வைத்துக்கொள்வேன். எப்படியானாலும், இப்போது இயங்கும் அமைப்பைப் பயாஸில் ஒரு புரொஃபைலாகச் சேமிப்பதோடு தாளிலும் குறித்து வையுங்கள். பயாஸைப் புதுப்பிக்கும்போது இந்த மதிப்புகள் அழிந்து கணினி மறுபடி 2133க்கே போய்விடும், பல போர்டுகளில் சேமித்த புரொஃபைலும் அதோடு போய்விடுவதுண்டு.