பத்து டிகிரி கூடினால் நீரின் ஆவியழுத்தம் ஏன் இவ்வளவு ஏறுகிறது?

கேள்வி:
வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. நீரின் ஆவியழுத்தம் (மூடிய கலத்தில் நீரோடு சமநிலையில் இருக்கும் நீராவியின் அழுத்தம்) 20 டிகிரி செல்சியசில் 17.5 மி.மீ. பாதரசம் என்றும், 30 டிகிரியில் 31.8 மி.மீ. என்றும் அட்டவணையில் உள்ளது. கெல்வினில் பார்த்தால் வெப்பநிலை 293-இலிருந்து 303-க்குத்தான் போகிறது. மூன்றரை விழுக்காடுகூட இல்லை. மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலும் அந்த அளவே கூடும் என்றால், ஆவியழுத்தம் மட்டும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஏறுவது எப்படி? ‘மூலக்கூறுகள் வேகமாக இயங்குகின்றன’ என்ற விடை எனக்குப் போதவில்லை.

மறுமொழி 1:
போதாதுதான், சரியான இடத்தில் நின்று கேட்டிருக்கிறீர்கள். நீர்ப்பரப்பை விட்டு வெளியேறுவது சராசரி மூலக்கூறு அன்று. அண்டை மூலக்கூறுகளோடு உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுத்துக்கொண்டு போகும் அளவுக்கு ஆற்றல் பெற்ற மிகச் சிலவே வெளியேறுகின்றன. 25 டிகிரியில் ஒரு மோல் நீர் ஆவியாக ஏறத்தாழ 44 கிலோஜூல் வேண்டும். வெப்ப இயக்கத்தால் ஒரு மோலுக்குக் கிடைக்கும் ஆற்றலின் அளவைக் காட்டுவது, வாயு மாறிலியை (8.314) அந்தக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி வருவது; அதுவோ 2.5 கிலோஜூல்தான். இவ்வளவு உயர்ந்த தடையைத் தாண்டக்கூடியவற்றின் பங்கு, வெப்பநிலை சிறிது ஏறினாலும் அடுக்குக்குறி முறையில் பெருகும்.

ஆவியழுத்தம் வெப்பநிலையோடு எப்படி மாறும் என்பதைத் தரும் கிளாசியஸ்–கிளாபிரான் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 44,000-ஐ 8.314-ஆல் வகுத்தால் சுமார் 5,290. அதை 1/293, 1/303 ஆகியவற்றின் வேறுபாட்டால் பெருக்கினால் 0.596. இதன் அடுக்குக்குறி மதிப்பு (e-இன் 0.596-ஆம் அடுக்கு) 1.815, 17.5-ஐ அதனால் பெருக்கினால் உங்கள் அட்டவணையின் 31.8 வந்துவிடுகிறது. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் செய்துவிட்டால் பிறகு மறக்காது.

மறுமொழி 2:
ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. வட்ட அடிக் குடுவையில் நீரைக் கொதிக்கவிட்டு, உள்ளிருக்கும் காற்றை நீராவி வெளியேற்றியபின், அடுப்பை அணைத்து உடனே அடைப்பானால் இறுக மூடுங்கள். கொதிப்பு அடங்கி நீர் 70 டிகிரி அளவுக்கு ஆறியதும் குடுவையைக் கவிழ்த்து, அதன்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால், உள்ளே குமிழ்கள் எழுந்து நீர் மறுபடியும் கொதிக்கும். மேலிருந்த நீராவி குளிர்ந்து நீராகிவிடுவதால், உள்ளழுத்தம் 70 டிகிரி நீருக்குரிய ஆவியழுத்தமான 234 மி.மீ.-க்கும் கீழே இறங்கிவிடுகிறது; அப்படி இறங்கினால் நீர் கொதிக்கும். தட்டையடிக் குடுவை நொறுங்கக்கூடும். ஆசிரியர் உடனில்லாமல் செய்ய வேண்டாம்.

கேட்டவர்:
இப்போது புரிகிறது, ஐயா. மூடிய கலத்தில் நீரின் பரப்பு அதிகமாக இருந்தாலும் ஆவியழுத்தம் கூடுமா?

மறுமொழி 1:
கூடாது. பரப்பு இரட்டித்தால் வெளியேறுபவையும் திரும்பி வந்து சேர்பவையும் ஒருசேர இரட்டிக்கும். சமநிலை விரைவில் எட்டப்படுமே தவிர, அழுத்தம் மாறாது.