காரை விற்றாச்சு, ஆர்.சி.யில் இன்னும் என் பேர்தான்

வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. பணம் முழுசாக அக்கவுன்டில் ஏறியது. "அடுத்த வாரமே பேர் மாத்திடறேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிப் போனார். அடுத்த வாரம் என் போனுக்கு இ-சலான் மெசேஜ் வந்தது: நான் எட்டிக்கூடப் பார்க்காத ஊரில் என் கார் சிக்னலைத் தாண்டியிருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டால், "நான் ஓட்டல சார், என் மச்சான்" என்கிறார்.

கைகொடுத்தது டெலிவரி நோட். வண்டி கொடுத்த அன்றே எழுதி வாங்கியிருந்தேன். தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். காலையில் நாம் ஓட்டிய வண்டியை மாலையில் அவர் ஓட்டுவார். ஓடோமீட்டர் அளவு, எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், "இந்த நேரம் முதல் அபராதம், விபத்து, வழக்கு எல்லாம் என் பொறுப்பு" என்று அவர் கைப்பட ஒரு வரி, கீழே கையெழுத்து. போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன், சாயங்காலமே அபராதத்தைக் கட்டிவிட்டார்.

ஆனால் அந்தத் தாள் நமக்கும் அவருக்கும் நடுவில்தான் செல்லும். மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில், 2007-லேயே விற்ற கார் அடுத்தடுத்துக் கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. இழப்பீடு விழுந்தது, ஆர்.சி.யில் பேர் மாறாமல் கிடந்த அந்த முதல் ஆள் தலையில்!

அதனால்தான் வண்டியை விற்றதைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29-ஐ நானே ஆர்.டி.ஓ.வில் கொடுத்து ரசீது வாங்கினேன். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஃபார்ம் 30 கொடுத்துப் பேர் மாற்ற வாங்கியவருக்கு 30 நாள். 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்தைப் போட்டு நீட்டும் பழக்கம் புரோக்கருக்குத்தான் வசதி.

அப்புறமும் வாங்கியவர் அசையவில்லை. கடைசியில் இன்சூரன்ஸைச் சொன்னேன்: "அடிபடற மத்தவங்களுக்கான தேர்ட் பார்ட்டி கவர் வண்டியோடயே வந்துடும். உங்க வண்டி நசுங்கினா, பாலிசி உங்க பேர்ல இல்லாம கிளைம் கிடைக்காது." மறுநாளே ஆர்.டி.ஓ.வில் நின்றார். நம் தலைவலியைச் சொல்லிப் பயனில்லை, அவர் நஷ்டத்தைச் சொன்னால்தான் வேலை நடக்கும்.

ஃபாஸ்டேகை விற்ற அன்றே கழற்றிவிட்டு, கொடுத்த பேங்கில் சொல்லி மூடிவிடுங்கள். இல்லையென்றால் அவர் டோல் தாண்டுவார், காசு நம் கணக்கிலிருந்து போகும். கிளைம் கேட்காத வருஷங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸையும் விட்டுவிடாதீர்கள். அது காருக்கு இல்லை, நமக்கு. 50 சதவீதம் வரை இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியில் லெட்டர் கேட்டு வாங்கினால் 3 வருஷத்துக்குள் எடுக்கும் அடுத்த காருக்கு ஆகும்.