பின்வளவில் பார்ன் கூரையோடு ஒரு கொட்டில்: அடித்தளமும் கூரைக் கோணமும்

அஜாக்ஸ் தோட்டம்:
வணக்கம். கனடாவில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜாக்ஸில் இருக்கிறோம். கராஜில் கார் நின்று பல வருடமாகிறது. பனி அள்ளி வீசும் ஸ்னோ ப்ளோவர், புல்வெட்டி, இரண்டு காருக்கும் பனிக்கால டயர், பிள்ளைகளின் சைக்கிள், அம்மாவின் பாகற்கொடிப் பந்தலுக்கான கம்பி, வீட்டு விசேஷத்துக்கு எடுக்கும் இரண்டு பெரிய கிடாரம் எல்லாம் அதற்குள்தான். இந்தக் கோடைக்குள் பின்வளவில் ஒரு கொட்டில் கட்டிவிட வேண்டும். அளவு 10 அடிக்கு 12 அடி. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பெட்டி மாதிரி வேண்டாம். ஸ்டூவில், அக்ஸ்பிரிஜ் பக்கம் போகும்போது வயலுக்கு நடுவில் நிற்கிற பழைய பார்ன்களுக்கு (பண்ணைக் களஞ்சியங்களுக்கு) இருக்கிற கூரை, அதாவது பக்கத்துக்கு இரண்டு சரிவாக மடிந்து இறங்குவது, அதுதான் வேண்டும். மேலே பரண் போடவும் இடம் கிடைக்கும்.

மூன்று சந்தேகம். பெர்மிட் வேண்டுமா? அடித்தளத்துக்கு கொங்கிறீட் தூண் போடுவதா, கல்லுப் பரப்பினால் போதுமா? கூரை மரத்தை எந்தக் கோணத்தில் அறுப்பது? நானும் மச்சானும் முன்பு வீட்டுக்கு மரத்தள டெக் அடித்திருக்கிறோம். கூரை வேலை இதுவே முதல் தடவை.

மார்க்கம் அக்கா:
தம்பி, பெர்மிட் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் முன்பு 10 சதுர மீற்றருக்கு மேல் போனால் பெர்மிட் எடுக்க வேண்டும், இப்போது 15 சதுர மீற்றர் வரை தேவையில்லை. ஆனால் ஒரே தளமாக இருக்க வேண்டும், வீட்டோடு ஒட்டக்கூடாது, தண்ணீர்க் குழாய் வேலை எதுவும் இருக்கக்கூடாது, சாமான் வைக்க மட்டும்தான். உங்களுடையது 11 சதுர மீற்றர் சொச்சம் வரும், ஆகவே அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பெர்மிட் வேண்டாம் என்றால் சட்டமே இல்லை என்று நிறையப் பேர் நினைத்துவிடுகிறார்கள். வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு ஒவ்வொரு நகரமும் தனி விதி வைத்திருக்கிறது. கட்டாயம் உங்கள் சிட்டிக்கு அழைத்துக் கேளுங்கள், பார்ன் கூரை உயரமாகப் போகும் என்பதையும் சொல்லியே கேளுங்கள்.

இன்னொன்று, எங்கள் வீட்டில் நடந்தது. புதுக் குடியிருப்புகளில் இரண்டு வளவுக்கும் நடுவே வேலியோரமாக மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும், மழைத்தண்ணீரும் பனி உருகுகிற தண்ணீரும் அதன் வழியாகத்தான் வெளியே போகும். அது தெரியாமல் மூலையில் மண் நிரப்பிக் கொட்டிலை வைத்துவிட்டோம். ஏப்ரலில் பக்கத்து வீட்டாரின் புல்தரை முழுக்கத் தண்ணீர். நல்ல மனிதர், சண்டைக்கு வரவில்லை, ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கடைசியில் கொட்டிலைத் தூக்கி நகர்த்தினோம். வீடு வாங்கும்போது தந்த சர்வே வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், மழை பெய்யும்போது குடையோடு போய் வளவிலும் நின்று பாருங்கள்.

மண்வெட்டி வைக்கும் முன், நிலத்தடிக் குழாய், கம்பி ஓடும் இடங்களைக் குறித்துத் தரும் ஒன்ராறியோ ஒன் கால் சேவைக்கு அழையுங்கள். அரை அடிதானே தோண்டுகிறோம் என்று விடாதீர்கள், அது சட்டப்படி கட்டாயம், காசும் இல்லை. வந்து நிறத்தால் குறித்துவிட்டுப் போவார்கள். மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம்.

மரவேலை ஸ்காபரோ:
அடித்தளத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பார்ன் கொட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். எனக்கும் அப்படித்தான் போனது. பத்து வருடத்துக்கு முன் இரண்டடி ஆழத்தில் கொங்கிறீட் தூண் ஆறு போட்டேன், பார்க்க நல்ல பலமாக இருந்தது. இரண்டாவது பனிக்காலத்தில் ஒரு பக்கத் தூண்கள் மட்டும் மேலே கிளம்பி, கதவு இறுகி, உள்ளே கிடந்த ஸ்னோ ப்ளோவரை எடுக்க முடியாமல் புயல் நாளில் கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று. ரொறன்ரோப் பக்கம் நிலம் ஏறக்குறைய 4 அடி ஆழம் வரை உறையும் என்று கணக்கு வைத்துத்தான் கட்டுவார்கள். மண்ணில் இருக்கிற தண்ணீர் உறைந்து பருத்துத் தூணை மேலே தள்ளும். ஆகவே தூண் போட்டால் 4 அடிக்குக் கீழே போக வேண்டும், இல்லையென்றால் தூணே வேண்டாம்.

உங்கள் அளவுக்கு நான் கல்லுப் பரப்பைத்தான் சொல்வேன். கொட்டிலைவிடப் பக்கத்துக்கு ஒரு அடி கூட, அதாவது 12க்கு 14, ஆறு அங்குலம் தோண்டுங்கள். புல் வேரெல்லாம் வழித்தெடுத்து, மண்ணும் கல்லும் கலக்காமலிருக்க துணி விரித்து, முக்கால் அங்குலக் கல் கொட்டுங்கள், தூள் கலக்காத கல். அதில் தண்ணீர் தங்காது, தங்காவிட்டால் உறைந்து தூக்குவதற்கும் ஒன்றும் இல்லை. கணக்குப் பார்த்தால் 3 கன யார் சொச்சம் வரும், மூன்றரை சொல்லுங்கள். பக்கத்துக் கேட் வழியாக அது நாற்பது ஐம்பது தள்ளுவண்டி, ஆகவே மச்சானுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். பிறகு இடிக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து இறுக்குங்கள்.

அதன்மேல் நிலத்தில் படுகிறதற்கென்றே மருந்தேற்றிய ஃபோர் பை சிக்ஸ் (பெயரளவில் 4க்கு 6 அங்குல) மரம் நாலு, நீளவாட்டில். அறுத்த முனைகளுக்கு மருந்து பூச மறக்காதீர்கள், மரம் அங்கிருந்துதான் உக்கத் தொடங்கும். மேலே குறுக்காக டூ பை சிக்ஸ், 16 அங்குலத்துக்கு ஒன்று. தரைச் சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், இரண்டு மூலைவிட்டமும் 15 அடி 7 7/16 அங்குலம் வர வேண்டும். அதை அரை மணித்தியாலம் எடுத்துச் சரியாக்காவிட்டால் கூரை ஏற்றும் நாளில் ப்ளைவுட் எதுவும் பொருந்தாது.

அஜாக்ஸ் தோட்டம்:
அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பள்ளம் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, எங்கள் வளவிலும் பின்வேலியோரம் ஒன்று ஓடுகிறது. கூரைக் கோணம் யாருக்காவது தெரியுமா?

பிக்கரிங் வாத்தியார்:
இது எனக்குப் பிடித்த கணக்கு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். ப்ளைவுட்டில் கொட்டிலின் அகலமான 10 அடிக்கு ஒரு அரைவட்டம் போடுங்கள், ஆரம் 5 அடி. அரைவட்டத்தை நாலு சம பங்காக வெட்டிப் புள்ளிகளை நேர்கோட்டால் சேர்த்தால் அதுவே பார்ன் கூரையின் வடிவம். கீழ்ச்சரிவு 67.5 பாகை, மேற்சரிவு 22.5 பாகை. நாலு துண்டும் ஒரே நீளம், வெளி ஓரத்தில் 45 15/16 அங்குலம். இதில் அழகான விஷயம், சுவரில் உட்காரும் முனை, மடியும் இடம், முகடு என்று எல்லா வெட்டுமே 22.5 பாகைதான். அறுக்கும் மெஷினை ஒரு தடவை அந்தக் கோணத்தில் வைத்தால் கூரை முடியும் வரை மாற்ற வேண்டாம். ஒரு எட்டடி மரத்தில் இரண்டு துண்டு கிடைக்கும். நாலு துண்டு சேர்ந்தது ஒரு சட்டம், 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் என்றால் 12 அடிக்குப் பத்துச் சட்டம், நாற்பது துண்டு, இருபது மரம். நான் டூ பை சிக்ஸ் போட்டேன், மேற்சரிவில் பனி வழுக்காமல் நிற்கும், அந்தப் பாரத்தை நினைத்துத்தான்.

சட்டங்களைத் தரையிலேயே படுக்க வைத்துச் செய்யுங்கள். மூட்டுகளுக்கு இரண்டு பக்கமும் அரை அங்குல ப்ளைவுட் துண்டு, பசையும் ஆணியும். முன் பின் கடைசிச் சட்டங்களுக்கு மட்டும் உள்பக்கம் போதும், வெளியே பலகை அடிக்க வேண்டுமே. இனி முக்கியமானது: இந்தக் கூரை எப்போதும் சுவர்களை வெளியே தள்ளப் பார்க்கும். சுவரின் மேலே குறுக்காக ஓடுகிற பரண் மரங்கள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பரண் பலகையைப் பாதிக்கு மட்டும் போட்டாலும் குறுக்கு மரத்தை முழு நீளத்துக்கும் விடுங்கள், உயரமான சாமான் வைக்க என்று எதையும் அறுத்துவிடாதீர்கள்.

உயரம்: தரை ஒரு அடி, சுவர் 6, கூரை 5, மொத்தம் 12 அடி, மீற்றரில் 3.66. சிட்டியிடம் கேட்கும்போது இதைச் சொல்லுங்கள். கீழ்ச்சரிவு கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பதால் ஷிங்கிளுக்கு (கூரையில் வேயும் தார்த் தகட்டுக்கு) நாலு ஆணி போதாது, ஆறு அடித்து, அடியில் தார்ப்பசையும் வைக்க வேண்டும். வெயிலில் தானாக ஒட்டும் என்று விட்டால் காற்றில் கிளம்பும்.

ஓஷவா ராணி:
நான் இரண்டு விஷயம் மட்டும். இரட்டைக் கதவுக்கு வெளியே குறுக்குப் பலகை அடிப்பீர்கள்தானே, அது பிணைச்சல் பக்கத்துக் கீழ் மூலையில் தொடங்கி, திறக்கிற பக்கத்து மேல் மூலைக்கு ஏற வேண்டும். மாறி அடித்தால் கதவு தொங்கிவிடும், எங்களுடையது ஒரே வருடத்தில் தொங்கி, கழற்றித் திருப்பி அடித்தோம். கதவு அகலம் ஸ்னோ ப்ளோவரை அளந்து வையுங்கள்.

அடுத்தது ஸ்கங்க், நாற்றம் பீய்ச்சுகிற அந்தச் சின்ன விலங்கு. கொட்டிலுக்கு அடியில் குடி வந்துவிட்டால் குட்டி போட்டு வளர்த்து முடியும் வரை ஒன்றும் செய்ய மனம் வராது. பலகை அடிக்கும் முன்பே அரை அங்குலக் கம்பிவலையைச் சுற்றிவர அடித்து, கீழே வெளிப்பக்கம் ஒரு அடி மடித்துக் கல்லுக்குள் புதைத்துவிடுங்கள். முன்னும் பின்னும் முகட்டுக்குக் கீழே காற்றுப் போக ஒவ்வொரு துவாரமும் வையுங்கள், இல்லையென்றால் பனிக்காலத்தில் கூரையின் உட்பக்கம் நீர் உறைந்து, வெயில் வந்ததும் சொட்டும்.

அஜாக்ஸ் தோட்டம்:
சிட்டிக்கு அழைத்துவிட்டேன், உயரத்தை எழுதி வைத்துக்கொண்டே கேட்டேன், 12 அடி சரி என்றார்கள். ஒன் காலுக்கும் பதிந்தாயிற்று. பள்ளத்துக்காகக் கொட்டிலை வேலியிலிருந்து இன்னும் நாலடி உள்ளே எடுத்திருக்கிறேன், அம்மாவின் கத்தரிப் பாத்தி ஒன்று போகும், அவர் சம்மதித்துவிட்டார். கல் அடுத்த சனிக்கிழமை வருகிறது. வாத்தியார், நேற்று இரவு கராஜ் தரையில் சோக்கால் அரைவட்டம் போட்டு அளந்து பார்த்தோம், 45 15/16 அப்படியே வந்தது.