அமுங்கிக் கேட்ட ஒரு வெடி: கையால் நிரப்பிய தோட்டாக்களும் நாங்கள் கண்டவையும்

கொழிஞ்சாம்பாறை வாசகி:

கையால் நிரப்பிய தோட்டா என்றால் என்னவென்று, துப்பாக்கி சுடுவோர் பேசிக்கொள்ளும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் 9 மி.மீ. கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போகிறவர். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கராஜில் இருக்கும் பிரஸ் என்ற நெம்புகோல் கருவியில், அடிபட்டதும் தீப்பற்றும் புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் இட்டு மறுபடியும் தோட்டாவாக்கிக்கொள்வார்.

ஒருநாள் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) அவருக்குப் பின்னால் தடுப்பை ஒட்டி நின்றிருந்தேன். வரிசையாக வந்த வெடிகளுக்கு நடுவே ஒன்று மட்டும், காதடைப்பானையும் மீறி, ‘டப்’ என்று அமுங்கிக் கேட்டது. அவர் கை எகிறவில்லை. காலிக் கூடும் வெளியே விழவில்லை. தோட்டா வெடிக்கவில்லை என்று எண்ணிய அண்ணன், பழகிய கையாகையால், மேற்பகுதியை இழுத்துவிட்டு அடுத்ததை ஏற்றிக் குறிபார்த்துவிட்டார். பக்கத்துத் தடத்தில் நின்ற ஒரு முதிய அம்மாள் தம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, “நிறுத்து, சுடாதே” என்று கத்தியிராவிட்டால் விசை இழுபட்டிருக்கும். ரேஞ்ச் அதிகாரி வந்து தோட்டாக்களை அகற்றி, குழலின் வாயில் ஒரு பித்தளைக் கம்பியை விட்டார். கம்பி இரண்டு விரற்கடை போய் நின்றுவிட்டது. அந்தக் கூட்டில் மருந்தே விழவில்லை; பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவே சொருகியிருந்தது. அதன் பின்னால் முழு மருந்துள்ள இன்னொரு தோட்டாவைச் சுட்டிருந்தால் குழல் அவர் கைக்குள்ளேயே பிளந்திருக்கக்கூடும்.

என்னை இன்னும் உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். அண்ணன் பெட்டியைப் பார்த்து, “மீதியெல்லாம் சரியாகத்தான் இருக்கும்” என்றார். பல வருடங்களாக நிரப்புகிறவர், கையேட்டைப் படித்துத் தாமாகவே பழகியவர். அந்தச் சத்தம் எதைச் சொல்கிறது என்பதை யாரும் அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுத்தந்ததில்லை. சுடுவதற்கு முன் வகுப்பு இருக்கிறது, நிரப்புவதற்கு முன் இல்லை. இது சரிதானா என்று அனுபவமுள்ளவர்களைக் கேட்கிறேன்.

நகரி, ஓய்வுபெற்ற பயிற்சியாளர்:

சகோதரியின் அண்ணன் தப்பியதில் மகிழ்ச்சி. ஆனால் இதைப் படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட ஆசை பிறந்துவிடக்கூடாது என்பதற்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, தோட்டா செய்வதற்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கிடைத்த உரிமம் அதற்குப் போதாது.

என் அனுபவம் தொழிற்சாலைத் தோட்டாவோடு நடந்தது. .22 ரைபிளில் ஒரு பையன் விசையை இழுத்தான். ‘கிளிக்’ என்ற ஒலி மட்டும் வந்தது. உடனே ரைபிளைத் தன் பக்கம் திருப்பி, பின்புறத்தைத் திறந்து பார்க்கப் போனான். குழலை நான் ஒரு கையால் இலக்கின் பக்கமே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முப்பது வரை அவனையே உரக்க எண்ணச் சொன்னேன். தாமதமாக வெடிக்கும் தோட்டா இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. எண்ணும்போது அவன் குரல் நடுங்கியது. .22 தோட்டாவில் தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதை யாரும் திரும்ப நிரப்புவதில்லை; நம் மாணவர்கள் பெரும்பாலும் சுடுவது அதைத்தான், அல்லது காற்றுத் துப்பாக்கியைத்தான். ஆகவே நிரப்பும் பயிற்சி என்ற பேச்சு நமக்கு வேண்டாத பேச்சு என்பது என் கருத்து.

பீருமேடு, தோட்டக்காரர்:

நகரி ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ‘நமக்கு வேண்டாத பேச்சு’ என்பதை ஏற்க முடியவில்லை. எங்கள் மலையில் உரிமம் பெற்ற பழைய துப்பாக்கிகளில் பல, குழலின் வாய் வழியாகவே மருந்து கெட்டிப்பவை. அவற்றை வைத்திருப்பவர் ஒவ்வொரு வெடிக்கும் தம் கையாலேயே நிரப்புகிறார். 2022இல் கேரள அரசு காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த பிறகு, இப்படிப்பட்டவர்களுக்கு அழைப்பு வருவது கூடியிருக்கிறது.

அப்படி வந்த ஒரு பெரியவருடன் ஏலக்காட்டு ஓரத்தில் காத்திருந்தேன். அவருடைய மருமகன் முன்னிரவிலேயே துப்பாக்கியில் மருந்து கெட்டித்துச் சாய்த்து வைத்திருந்தான். அது பெரியவருக்குத் தெரியாது. அவர் மருந்துக் கொம்பைத் திறப்பதற்கு முன், கஜக்கோலை (மருந்தைக் கெட்டிக்கும் கோல்) எடுத்துக் குழலுக்குள் இறக்கினார். கோலில் இரண்டு வெட்டுகள் இருந்தன. ஒன்று வெறும் குழலுக்கு, மற்றொன்று கெட்டித்த குழலுக்கு. டார்ச்சைக் கிட்டே பிடித்துப் பார்த்தோம். கீழ் வெட்டு குழலின் வாய்க்கு நேராக நின்றது. “உள்ளே இருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொம்பை மூடினார். பார்க்காமல் மேலும் ஒரு கெட்டுப் போட்டிருந்தால் இரட்டை மருந்து ஆகியிருக்கும். இந்த இரண்டு வெட்டுகளை அவருக்கு எந்த வகுப்பும் சொல்லித்தரவில்லை, அவருடைய தகப்பனார் சொல்லித்தந்தார். தகப்பனார் சொல்லித்தராத மருமகன்களுக்கு யார் சொல்லித்தருவது என்பதே என் கேள்வி.

வேலந்தாவளம், முன்பு ஆஸ்திரேலியாவில்:

என்னுடையது சிறிய சம்பவம். மெல்போர்னில் ஒரு நண்பர் வீட்டு மேசையில் காப்பிப் பொடி ஜாடி ஒன்று இருந்தது. அதற்குள் சாம்பல் நிறத்தில் நுண்ணிய மணிகள். மேலே பெயர் இல்லை, தேதி இல்லை. “பழைய ரைபிள் மருந்தாக இருக்கும்” என்றார். ‘இருக்கும்’ என்று அவர் சொன்ன அந்தச் சொல் இப்போதும் காதில் நிற்கிறது. புகையற்ற மருந்துகள் (இன்றைய தோட்டாக்களில் போடுபவை) பல பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் எரியும் வேகம் வெவ்வேறு. கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்தை ரைபிள் அளவுக்குப் போட்டால் துப்பாக்கி தாங்காது. பீருமேட்டுக்காரர் சொல்லும், கரிமருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து) கெட்டிக்கும் துப்பாக்கியில் புகையற்ற மருந்தைப் போட்டாலும் அதே கதிதான்.

கேட்காவிட்டாலும் சில விஷயங்களை எழுதிவிடுகிறேன், ஏனெனில் கொழிஞ்சாம்பாறைச் சகோதரி தம் அண்ணனுக்கு இதை அனுப்பக்கூடும். தோட்டாவின் அளவுகளுக்கும் அழுத்தத்துக்கும் உலகில் இரண்டு பெரிய தரங்கள் உண்டு: 1914இல் தொடங்கிய ஐரோப்பாவின் சி.ஐ.பி., 1926இல் தொடங்கிய அமெரிக்காவின் சாமி (SAAMI). முன்னது உறுப்பு நாடுகளில் சட்டமாகவே நடக்கிறது. பின்னது தொழிற்சாலைகள் தாமாக ஏற்றுக்கொண்ட தரம். இரண்டும் தொழிற்சாலையைத்தான் கட்டுப்படுத்துகின்றன, கராஜில் உட்கார்ந்திருக்கும் தனி மனிதரைத் தொடுவதில்லை. அவருக்கு மிஞ்சுவது மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையும் அவருடைய ஒழுங்கும்தான். அட்டவணையின் உச்ச அளவில் ஒருவர் தொடங்கக்கூடாது. தொடக்க அளவு தனியே குறிக்கப்படாதபோது உச்சத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குவதே மரபு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துதான் இருக்க வேண்டும். அதுவும் அதன் சொந்த டப்பாவில்.

9 மி.மீ.யில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. சில மருந்துகள் கூட்டின் பாதியைக்கூட நிரப்புவதில்லை என்பதால் இரட்டை அளவு விழுந்தாலும் வழியாது, கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரே நெம்புகோல் இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் பிரஸ் நடுவில் சிக்கிக்கொண்டு, அதை விடுவிக்கப் பாதி திருப்பினால், ஒரு கூடு வெறுமையாகப் போகலாம், இன்னொன்று இரண்டு முறை வாங்கலாம். எனவே சிக்கிய கணத்தில் பிரஸ்ஸில் இருக்கும் கூடுகள் அனைத்தையும் வெளியே எடுத்துக் கொட்டிவிட வேண்டும். குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். அப்போது தொலைபேசிக்கு இடமே இல்லை. அண்ணன் ‘மீதி சரியாகத்தான் இருக்கும்’ என்ற பெட்டியை ஒரு தோட்டா விடாமல் பிரிக்க வேண்டும். அதைச் சுட்டுப் பார்த்துத் தீர்மானிப்பது தவறு.

சேமிப்பையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தீத்தடுப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 495, வீட்டில் 20 பவுண்டு வரை புகையற்ற மருந்தை அதன் சொந்த டப்பாவிலும், அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஓரங்குலக் கனமுள்ள மரப்பெட்டியிலும் வைக்கலாம் என்கிறது. பிரைமர்கள் 10,000க்கு மேல் கூடாது. இரும்புப் பெட்டகத்தில் பூட்டுவது பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். தீப்பிடித்தால் அடைபட்ட வாயு அந்தப் பெட்டகத்தையே வெடிகுண்டாக்கிவிடும். மரப்பெட்டியோ சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும். புளித்த வாடையோ செம்பழுப்புப் புகையோ வந்தால் அந்த மருந்து கெட்டுவிட்டது என்று பொருள். கூடுகளைத் துலக்கும் தூசியில் ஈயம் கலந்திருப்பதால் கையைக் கழுவாமல் சோற்றில் கை வைக்கக்கூடாது, குழந்தைகளை அந்த அறைக்குள் விடவும் கூடாது.

நகரி, ஓய்வுபெற்ற பயிற்சியாளர்:

வேலந்தாவளத்துக்காரர் எழுதியவை அனைத்தும் அயல்நாட்டு வீடுகளுக்குப் பொருந்தும்; இங்கே யாரும் அதைச் செய்து பார்க்கக்கூடாது என்ற என் சொல்லில் மாற்றமில்லை. பீருமேட்டுக்காரர் சொன்னது வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழை வேண்டுகின்றன. அந்தப் பயிற்சியில் வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒரு முழுப் பகுதி ஒதுக்க வேண்டும். அமுங்கிய சத்தம் கேட்டால் யார் வேண்டுமானாலும், பக்கத்துத் தடத்து அம்மாளைப் போல, சுடுகிறவரை நிறுத்தலாம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஐயா, அந்தக் கோலில் வெட்டுகளை எப்படிக் குறிப்பது என்று விவரமாக எழுத முடியுமா?

பீருமேடு, தோட்டக்காரர்:

பெரியவரிடமே கேட்டு எழுதுகிறேன். துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதிசெய்த பின், கோலை அடிவரை இறக்கி, குழலின் வாய் ஓரத்துக்கு நேராக முதல் வெட்டு. வழக்கமான கெட்டு முழுவதும் உள்ளே இருக்கும்போது இரண்டாவது வெட்டு. அது குழலுக்குள் இறங்கும் நுனிக்குக் கிட்டே, முதல் வெட்டுக்குக் கீழே வரும். அதை வெட்டும்போது கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தியிருக்கக்கூடாது, முகமும் கையும் குழலின் வாய்க்கு நேராக இருக்கக்கூடாது. ஒரு துப்பாக்கியின் கோலை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக்கூடாது என்றும், மருந்தின் அளவையோ ரவையையோ மாற்றினால் பழைய இரண்டாம் வெட்டை நம்பக்கூடாது என்றும் அவர் அழுத்திச் சொன்னார்.